இடது: ஏழு, எட்டு, ஒன்பது

போன வருஷ ஆடியில் செத்த பருந்தின் இறகுகள்
ஒரு எல்.ஐ.சி. உறைக்குள் இருக்கின்றன.
மேலே என் கையெழுத்து.
தமிழில் எழுதினால் யார் படிப்பது
என்று வாரிஜா டாக்டர் திட்டுவார்.
நான் இருக்கிறேனே என்பேன்,
கன்னடத்தில்.

டேனரி ரோட்டில் மாஞ்சா சுற்றி
டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே
தலைகீழாகத் தொங்கியது அது.
இறக்கிக் கொண்டுவந்தவர் நயாஸ் பாஷா,
பஞ்சர் கடை.
நூலை ஒவ்வொரு சுற்றாக அறுத்திருந்தார்.
பிழைக்குமா என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனார்.
மூன்றாம் இரவு, இரண்டு மணி இருக்கும்,
துணிக்குள் அடங்கியது.
உயிர் போனால் லேசாகும் என்பார்கள்.
எனக்குக் கனத்தது.
பதிவேட்டில் 1089க்கு நேரே கோடு போட்டேன்.
வலது சிறகு எலும்புவரை அறுந்திருந்தது.
இடதில் ஒரு கீறல் இல்லை.

இந்த ஆவணியில் 1147.
கம்மனஹள்ளியில் ஒரு குடும்பம்
கோழிக்கூண்டில் பத்து நாள் வைத்து
பாலில் நனைத்த ரொட்டி ஊட்டி
ஜூலி என்று பெயரும் வைத்திருந்தது.
அன்பாகத்தான் வைத்திருந்தார்கள்.
கம்பியில் அடித்து அடித்து
மூன்று இறகு பாதியில் முறிந்து
தேய்ந்த துடைப்பமாயிற்று.
எலும்பு சரி, கண் சரி, பசி பயங்கரம்.
தானாக உதிர்ந்து தானாக முளைக்க
இன்னும் எட்டு மாதம்.
எட்டு மாதம் கூண்டிலிருந்தால்
பறவை மிஞ்சும், பருந்து மிஞ்சாது.

டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் இழுப்பறையைப் பார்த்தேன்.

இறகின் தண்டு உள்ளே காலி.
உயிருள்ளதன் அடி, செத்ததன் நுனி,
நடுவே மூங்கில் குச்சியைச் செருகி
பசை வைத்து ஒட்டவேண்டும்.
காட்டன்பேட்டையில் பாக்கெட் பத்து ரூபாய்:
ஊதுபத்தியின் கரியைச் சுரண்டி
குச்சியை பிளேடால் சீவினோம்.
எவ்வளவு சுரண்டியும் மல்லிகை போகவில்லை.
மயக்கத்தில் கிடந்த பருந்து
வெள்ளிக்கிழமை மாதிரி மணத்தது.

ஏழு பொருந்தியது. எட்டு பொருந்தியது.
ஒன்பது ஒரு நெல் நீளம் அதிகம்.
வெட்டு என்றார்.
கத்தரி பிடித்த கை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிறகு வெட்டினேன்.
நிறமும் சேரவில்லை:
இது காப்பிக்கொட்டை, அது பழம்புளி.

ஞாயிறு காலை, மொட்டைமாடி.
திறந்ததும் வானத்துக்குப் பாயுமென்று
போனை உயர்த்தி நின்றான் பிரஜ்வல்.
அது நடந்து வந்தது.
கைப்பிடிச் சுவரில் ஏறி எச்சமிட்டது.
கடன்காரர்களைப் பார்ப்பதுபோல்
எங்களை ஒருமுறை பார்த்தது.
தாவி, சரிந்து,
எதிரே கோழிக்கடைத் தகரத்தில் இறங்கியது.
அவ்வளவுதானா என்றான்.
கடைக்காரர் குடலோ ஈரலோ எதையோ வீச
தகரத்தைவிட்டு எழுந்து
காற்றிலேயே பிடித்தது.
திரும்புகையில் விரிந்த இடது சிறகில்
மூன்று விரல் மட்டும் வேறு நிறம்.
அப்புறம் மேலே ஐம்பது பருந்து.
கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஸ்கூட்டர் பஞ்சர்.
டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி
நயாஸ் பாஷா கேட்டார்,
அன்றைக்கு ஒன்று கொடுத்தேனே, பிழைத்ததா?
மூன்று இறகு, என்றேன்.
அவர் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை, சிரிக்கவுமில்லை.
மூன்றா, என்றார்.
ஒட்டுக்குக் காசு வாங்கவில்லை.

சித்திரைக்கு மேல் அதற்குச் சொந்த இறகு முளைக்கும்.
ஒட்டியவை ஒவ்வொன்றாக விழும்,
மெட்ரோ தண்டவாளத்தில்,
அல்சூர் ஏரிப் பாசியில்,
யாரோ துணி காயப்போடும் மாடியில்.
கிளிப்பை வாயில் கவ்வியபடி குனிந்து எடுப்பவள்
இறகுக்குள் ஊதுபத்திக் குச்சியைப் பார்த்து
மோந்து பார்ப்பாள்.